நிற்க வைத்துத் தொட்டறிய வேண்டிய நோய்

கேள்வி: இடப்பக்க விதைப்பையில் வேரிகோசீல் உள்ள ஒருவருக்கு விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 22 மில்லியன். எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லாததற்கு இந்நோய் காரணமாகுமா?

பதில்: ஆகக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு தரும் 16 மில்லியன் என்னும் கீழ்வரம்பு, ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களுள் கடைசி 5 விழுக்காட்டினரைப் பிரித்துக் காட்டும் கோடேயன்றி, அதைத் தாண்டியவருக்கெல்லாம் வழங்கப்படும் நற்சான்று அன்று. விரையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகள், வால்வு பழுதுபட்டுப் புடைத்துச் சுருள்வதே வேரிகோசீல். இடப்பக்கச் சிரை நீண்டு சென்று சிறுநீரகச் சிரையில் ஏறக்குறையச் செங்கோணத்தில் சேர்வதால், பெரும்பாலும் அப்பக்கமே இது தோன்றுகிறது. உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த சூட்டில்தான் விரை செவ்வனே இயங்கும் என்பதால், இச்சிரைகள் தமனியைக் கொடிபோல் சுற்றிக்கொண்டு, இறங்கிவரும் இரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. இரத்தம் தேங்கியதும் இந்த ஏற்பாடு குலைகிறது; சூடு இரு விரைகளையும் பாதிக்கக்கூடுமாதலால், வலப்பக்கம் நன்றாக இருக்கிறதே என்ற ஆறுதல் செல்லாது. அப்போது பெருகும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள், அதாவது அருகிலுள்ள எதனோடும் உடனே வினைபுரியும் பொருள்கள், விந்தணுவின் கொழுப்புச் சவ்வைச் சிதைத்து அதன் நீந்தும் ஆற்றலைக் குறைப்பதோடு, தலையிலுள்ள டி.என்.ஏ. இழைகளையும் முறிக்கின்றன. இழை முறிந்த விந்தணுவும் முட்டையைச் சேர்ந்து கருவாகலாம். ஆனால் அக்கரு தங்காமல் கலையும் வாய்ப்பு கூடுகிறது. எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கை இதைக் காட்டாது, டி.என்.ஏ. சிதைவுச் சோதனை காட்டும்.

கேள்வி: விதைப்பையில் நரம்பு சுருண்டுகொள்வதற்கு இளமைக்காலக் கைப்பழக்கம் காரணமா?

பதில்: இல்லை. சுருண்டிருப்பது நரம்பும் இல்லை, சிரை.

கேள்வி: டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிந்த சிறிய வேரிகோசீலுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளுமாறு கூறப்பட்டுள்ளது. விந்துப் பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை. சிகிச்சை தேவையா?

பதில்: பரிசோதனையே நடக்காதபோது அறுவைக்கு நாள் குறிப்பது எந்த மருத்துவ முறையிலும் சேராது. இந்நோயை அறிய ஸ்கேனும் கட்டாயமில்லை: முதல் நூற்றாண்டு உரோமானியரான செல்சஸ், சிரை புடைப்பதையும் அப்பக்க விரை சிறுத்துப்போவதையும் ஸ்கேன் இல்லாமலே எழுதிவைத்தார். நோயாளியை வெதுவெதுப்பான அறையில் நிற்க வைத்து, மூச்சடக்கி முக்கச் சொல்லி, விரல்களால் தொட்டறிவதே இந்நோய்க்கு முதற்சோதனை. படுக்க வைத்தே பார்த்து முடிப்பவர் இருக்கும் நோயையும் தவறவிடுவார், ஸ்கேனை மட்டும் நம்புபவர் இல்லாத நோயையும் கண்டுபிடிப்பார். ஆண்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 15 பேரிடம் வேரிகோசீல் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தந்தையராகவே இருக்கிறார்கள். கைக்குத் தட்டுப்படும் புடைப்பு, விந்துப் பரிசோதனையில் குறை, குழந்தைக்கான காத்திருப்பு ஆகிய மூன்றும் கூடி, மனைவியிடம் தடையில்லை அல்லது இருப்பது தீர்க்கத்தக்கது என்று தெரிந்தபின்னரே கத்தியைப் பற்றிப் பேச வேண்டும். கைக்குத் தட்டுப்படாததை அறுப்பதால் பயன் கிடைப்பதாக நிறுவப்படவில்லை.

கேள்வி: மைக்ரோஸ்கோப் வழி அறுவை செய்து ஐந்து வாரங்களாகியும் விந்தணு கூடவில்லை. சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் பிடிக்கும்போது, ஐந்தாம் வாரத்தில் எடுத்த அறிக்கை பழைய விந்தணுக்களைப் பற்றியது. மூன்று மாதம் கழிந்தபின் பரிசோதித்தால் போதும். ஆறு மாதம் வரை பொறுத்திருப்பதிலும் தவறில்லை.

கேள்வி: நாற்பத்தெட்டு வயதில், வலப்பக்கம் மட்டும் திடீரெனத் தோன்றி, படுத்தாலும் சுருங்காத புடைப்பு உள்ளது. குழந்தைகள் இருப்பதால் அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வயிற்றுக்குள் வளரும் கட்டி, குறிப்பாகச் சிறுநீரகக் கட்டி, சிரையை அழுத்துவதாலும் இது நேரலாம். இங்கே ஸ்கேன் தேவை, ஆனால் வயிற்றுக்கு. அதுவும் இந்த வாரமே.