பிறப்புக் கணக்கும் நம் உரிமையும்

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

பிறப்புச் சான்றிதழ் என்றால் பள்ளியில் சேரவும் வேலைக்கு மனுப்போடவும் உதவும் ஒரு தாள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மக்கள்தொகையியல் பாடத்திற்குக் கட்டுரை எழுத முற்பட்டு, எங்கள் நகராட்சியில் ஆண்டுதோறும் எத்தனை ஆண் குழந்தைகளும் எத்தனை பெண் குழந்தைகளும் பிறக்கின்றன என்று தேடியபோதுதான், அத்தாளுக்குப் பின்னே நாட்டின் கணக்கொன்று இருப்பது விளங்கிற்று. அக்கணக்கைக் கேட்டுப் பெறும் வழியை என் அனுபவத்தோடு சேர்த்து இங்குக் கூற விழைகிறேன்.

பதிவு முறை

சென்னை மாகாணத்தில் 1899 ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969 இல் வந்தது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவாளரிடம் தெரிவித்தல் வேண்டும். அதற்கான படிவம் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி சட்டப் பகுதி; பெயர், பிறந்த நாள், பால், பெற்றோர் பெயர், முகவரி ஆகியவை அதில் அடங்கும். மற்றது புள்ளிவிவரப் பகுதி. தாயின் வயது, கல்வி, தொழில், பிரசவம் பார்த்தவர் யார், குழந்தையின் எடை ஆகியவை இதில் குறிக்கப்படும். முதற்பகுதி பதிவாளரிடம் தங்கும். இரண்டாம் பகுதி பிரிக்கப்பட்டு, கணக்கிடுவதற்காக மேலே செல்லும். பெயர் வேறு, எண் வேறு என்னும் உண்மை படிவத்திலேயே இருப்பதைக் காண்க.

கணக்கு ஏன் வேண்டும்?

இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது, 1000 ஆண்களுக்குச் சுமார் 950 பெண்கள். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகளே இருந்தனர். இந்தியா முழுவதிலும் இது 919. உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை 1980களில் நாட்டையே உலுக்கியது. 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. கருவின் பாலறிந்து கூறுவதைத் தடுக்கும் சட்டம் 1994 இல் வந்தது. இவற்றால் பயன் விளைந்ததா என்பதை எதைக்கொண்டு அறிவது? கணக்கெடுப்போ பத்தாண்டுகளுக்கு ஒரு முறைதான். 2021 இல் நடைபெற வேண்டியதும் அவ்வாண்டில் நடைபெறவில்லை. ஆகவே ஆண்டுதோறும் நமக்குக் கைகொடுப்பது பிறப்புப் பதிவேடே.

சட்டம் தரும் வழி

1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, தலைமைப் பதிவாளர் இக்கணக்குகளைத் தொகுத்துப் பொதுமக்கள் அறியும்பொருட்டு வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் வெளியீடு தாமதமாவதுண்டு. 2021 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. அதற்குள் அவ்வாண்டில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் பருவத்தை நெருங்கிவிட்டனர்!

இங்கேதான் தகவல் அறியும் உரிமை துணைக்கு வருகிறது. மாநிலங்களில் முதன்முதலாக 1997 இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. மத்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். காரணம் கேட்கும் உரிமை அலுவலருக்கு இல்லை. விடை நிறைவு தராவிடில் மேல்முறையீடு செய்யலாம்.

என் அனுபவம்

ஐந்தாண்டுப் பிறப்புகளை ஆண், பெண் என மாதவாரியாகக் கேட்டு விண்ணப்பித்தேன். "இவை தனிநபர் விவரங்கள், தர இயலாது" என்று ஒற்றை வரியில் விடை வந்தது. சோர்ந்து போய் எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். "நீ பெயரைக் கேட்டாயா, எண்ணைக் கேட்டாயா? அதையே மேல்முறையீட்டில் எழுது" என்றார். எழுதினேன். சில வாரங்களில் இரண்டு பக்கத் தாள் வந்து சேர்ந்தது.

தாளைக் கண்டதும் இரு தவறுகள் செய்தேன். ஊரின் அளவுக்குப் பிறப்புகள் மிக அதிகம் என்று வியந்தேன். பிறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. சுற்றுக் கிராமத்துத் தாய்மார்கள் நகர மருத்துவமனைக்கு வருவதால் எண்ணிக்கை பெருகிற்று. பின்னர், ஒரு மாதத்தில் பெண் குழந்தைகள் குறைந்திருந்ததைக் கண்டு அஞ்சினேன். சிறு எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும் என்று புள்ளியியல் ஆசிரியர் தெளிவுபடுத்தினார். கணக்கைப் பெறுவது பாதி வேலை. படிக்கக் கற்பது மறு பாதி.

எல்லை எது?

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா? கூடாது. ஆண்டில் நான்கே பிறப்புள்ள சிற்றூரில், "பதினேழு வயதுத் தாய் ஒருவர்" என்று வெளியிட்டால் பெயரின்றியே ஊர் அறிந்துவிடும். அப்பெண்ணின் மானம் நம் ஆராய்ச்சியினும் பெரிது. இதற்கு மறுப்பு மருந்தன்று. ஊர்களையும் ஆண்டுகளையும் சேர்த்துத் தொகுத்துத் தருவதே மருந்து. மறைக்க வேண்டியதை நீக்கி எஞ்சியதைத் தரலாம் என்று 10 ஆம் பிரிவும் வழிகாட்டுகிறது. தனிநபர் விவரங்களுக்கான விலக்கு 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் விரிவாக்கப்பட்டுள்ள நிலையில், இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது முன்னிலும் அவசியம். அதே வேளையில், இல்லாத கணக்கைப் புதிதாகத் தொகுத்துத் தர அலுவலகம் கடமைப்பட்டதன்று என 2011 இல் உச்ச நீதிமன்றம் கூறியதையும் நினைவிற் கொள்க. ஆதலால், பதிவாளர் மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கையின் நகலைக் கேட்பதே அறிவுடைமை.

முடிவுரை

பிறந்த குழந்தை தன் கணக்கைத் தானே கேட்க இயலாது. பிறவாமலே தடுக்கப்பட்ட பெண் மகவோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை; ஆண், பெண் எண்களுக்கு இடையேயுள்ள இடைவெளியில் மட்டுமே அவள் தென்படுகிறாள். அந்த இடைவெளியைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. பெயருக்குத் திரையிட்டு எண்ணுக்குக் கதவு திறப்பதே நேர்மை. மாணவ நண்பர்களே, அடுத்த கட்டுரைக்கு நூலகத்தோடு நில்லாமல் ஒரு விண்ணப்பமும் எழுதிப் பாருங்கள்!