முதல் ஐந்து நிமிடம்: மாணவத் தொண்டர்களுக்கு ஒரு பாடம்



மலருக்குக் கவிதை தரத்தான் பலரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. நான் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல். எனவே நம் கோவை மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை எனக்குத் தெரிந்த அளவில் பாடமாகவே எழுதுகிறேன். குண்டுவெடிப்பு, கலவரம், கல்லூரிக்குள் அடிதடி என்று வந்தால், என்.எஸ்.எஸ்., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரியும் நாம் முன்கூட்டியே என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே பாடம்.

"அதுக்குத்தான் போலீஸ் இருக்கு, 108 இருக்கே?" என்பீர்கள். இருக்கிறார்கள், வருவார்கள். ஆனால் வந்து சேரும் வரை? ஒரு பெரிய ஆள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம்தான் ஓடுகிறது. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். காந்திபுரம் சிக்னலைத் தாண்டவே நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் டாக்டர்.

1998 பிப்ரவரி 14-ஆம் தேதி கோவையில் 11 இடங்களில் 12 குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அப்போது 108 கிடையாது. தமிழ்நாட்டில் அது 2008-ல்தான் வந்தது. செல்போனும் எல்லார் கையிலும் இல்லை. என் அப்பாவுக்கு அன்று பத்தொன்பது வயது, பெரிய கடைவீதிப் பக்கம் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். கால் கிழிந்து கிடந்த ஒருவரைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். "தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கட்டினேன் கண்ணு. ஆனா எங்க கட்டோணும்னு தெரியல. காயத்துக்குக் கீழ கட்டிட்டேன்" என்பார். அந்த ஆள் பிழைத்தாரா என்று அப்பாவுக்கு இன்று வரை தெரியாது. அப்பாவுக்குத் தைரியம் இருந்தது, துண்டும் இருந்தது. எங்கே கட்டுவது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, தரையில் தேங்கும் அளவுக்கு வழிந்தாலோ, கிடைத்த துணியைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் முழங்கை மடங்காமல் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் துணியை உள்ளேயே திணித்து அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையிலோ காலிலோ காயம் பட்டு அழுத்தியும் நிற்காவிட்டால்தான் முறுக்குக் கட்டு. டூர்னிகெட் என்கிறார்கள். காயத்துக்கும் இதயத்துக்கும் நடுவில், காயத்துக்கு மேலே மூன்று விரல் தள்ளி, இரண்டு அங்குல அகலத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். முட்டியின் மேலோ முழங்கையின் மேலோ கட்டக் கூடாது. முடிச்சில் ஒரு ஸ்பேனரையோ கட்டையையோ செருகி, ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். வலியில் கத்துவார்கள், மனதைக் கல்லாக்கிக் கொள்ளுங்கள். கட்டிய நேரத்தை நெற்றியிலேயே பேனாவால் எழுதி விடலாம். அப்புறம் அதை டாக்டர்தான் அவிழ்க்க வேண்டும். கம்பி, கயிறு வேண்டாம், சதையை அறுத்துவிடும். குத்தி நிற்கும் ஆணியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். (பாம்பு கடித்தால் கட்டுகிறோமே அது வேறு. அதற்குக் கட்டவே கூடாது என்றுதான் இன்றைக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள்.)

அடுத்த விஷயம் இதைவிடக் கஷ்டம். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடிய மருத்துவமனைகளிலேயே பிறகு குண்டு வெடித்தது. உதவிக்கு ஓடி வருகிறவனைக் குறிவைத்து வைப்பதுதான் இரண்டாவது குண்டு! நம் கோவையிலும் அரசு மருத்துவமனை வளாகம் தப்பவில்லை. ஆகவே, நடக்கக்கூடியவர்களை முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேற்றுங்கள். அடிபட்டவரையும் கூடிய சீக்கிரம் தள்ளிக் கொண்டுபோய்க் கட்டுப் போடுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கலைத்து வண்டி வர வழிவிடுவதும் ஒரு உயிரைக் காப்பாற்றுவதுதான். கேட்பாரற்ற பை கிடந்தால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். குறைந்தது 100 மீட்டர் தள்ளிப் போய், சுவர் மறைவில் நின்று 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள்.

இனி கல்லூரி வளாகத்துக்கு வருவோம். 2008 நவம்பர் 12-ல் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் சாதியால் பிரிந்த இரண்டு மாணவர் கூட்டம் மோதியது. கீழே விழுந்து கிடந்தவரைக் கட்டையால் அடித்ததையும், போலீசார் நின்று பார்த்ததையும் நாடே டி.வி.யில் பார்த்தது. இப்படிப்பட்ட சண்டை ஒரே நாளில் முளைப்பதில்லை. கேன்டீனில், ஹாஸ்டலில், பஸ் படிக்கட்டில் நாலு நாள் புகைந்த பிறகுதான் வெடிக்கும். அந்தப் புகை ஆசிரியர்களுக்கு முன்னால் நமக்குத்தான் தெரியும். தெரிந்ததும் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் சொல்வது காட்டிக் கொடுப்பது ஆகாது என்பது என் கருத்து. ஆனால் ஒருவன் பெயரை வைத்து, சாதியை, மதத்தை வைத்து நோட்டம் விடுவது தொண்டர் வேலையே அல்ல. 1997 நவம்பர் கடைசியில் கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதன்பின் நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். யாரோ செய்ததற்கு யாரோ பழியானார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, குண்டு வெடித்து இன்னும் 58 பேர். வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

"நம்ம வம்சத்துலயே காலேஜ் வாசப்படி மிதிச்சவன் நீ ஒருத்தன்தான் சாமி. சண்டைன்னா திரும்பிப் பாக்காம வந்துரு" என்பது என் அம்மாவின் கட்டளை. பாதி சரி. அரிவாளுக்கும் கட்டைக்கும் நடுவில் போய் நிற்கச் சொல்லி எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. ஓட வழி இருந்தால் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். இல்லையென்றால் வகுப்பை உள்ளே தாழிட்டு, பெஞ்சை முட்டுக் கொடுத்து, ஜன்னலை விட்டு விலகி, செல்போன் சத்தத்தை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். மறுபாதியை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால் தர்மபுரியில் என்ன ஆகியிருக்கும்? 2000 பிப்ரவரி 2-ல் அங்கே நம் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சென்ற பஸ்ஸை ஒரு கூட்டம் கொளுத்தியது. எந்தக் கட்சி என்பது இந்தப் பாடத்துக்கு வேண்டாம். மூன்று மாணவிகள் கருகினார்கள். மற்றவர்கள் பிழைத்தது, சக மாணவர்களும் ஊர்க்காரர்களும் கண்ணாடியை உடைத்து இழுத்ததால்.

நம் கல்லூரி பஸ்ஸில் அவசர வழிக் கதவு எங்கே இருக்கிறது? இப்போதே நினைத்துப் பாருங்கள். நான் போன மாதம் பார்த்தேன். அதன் முன்னால் ஸ்டெப்னி டயரும் இரண்டு வாளியும் இருந்தன. டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "இத்தன வருசத்துல ஒருத்தரும் கேக்கலீங்க தம்பி" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே எடுத்து வைத்துவிட்டார்.

பேரவைக்கு என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒர்க்ஷாப் பின்பக்க கேட்டின் சாவி இப்போது ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் அவர் இருப்பதில்லை. இன்னொரு சாவி ஹாஸ்டல் வார்டனிடம் இருக்கட்டும். பிளாக்குக்கு நாலு பேர் என்று பெயர் எழுதி, அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். ஸ்ட்ரெச்சர் வாங்கப் பணம் இல்லை என்றால் வேண்டாம். 2006-ல் மும்பை ரயில்களில் குண்டு வெடித்தபோது, தண்டவாள ஓரத்துக் குடிசைவாசிகள் வீட்டு பெட்ஷீட்டில்தான் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். நம்மிடம் ஜி.ஐ. குழாய் இருக்கிறது, சாக்கு இருக்கிறது. சனிக்கிழமை மதியம் ஒர்க்ஷாப்பைத் திறந்து விட்டால், நானும் என் பேட்ச் நண்பர்களும் இரண்டு செய்து தருகிறோம்.