பட்டணத்துக் கடைகளும் நமது பணமும்

(படிப்பு வட்டத்துக்கான பாடம்)

பொன்னமராவதிப் பக்கத்துக் குடும்பங்கள் சாமான் வாங்கச் சென்னைக்குப் போவது புதிய வழக்கமன்று. கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ இரவு ரயில் ஏறி, விடியற்காலையில் பட்டணத்தில் இறங்கி, இரண்டு நாளில் சேலை, நகை, பாத்திரம் யாவும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். ஓராண்டு உழைப்பின் பலன் அந்த இரண்டு நாளில் கைமாறிவிடுகிறது. நெல்லையும் நிலக்கடலையையும் விற்கும்போது நாலு இடத்தில் விலை விசாரிக்கும் நாம், வாங்கும்போது அதில் பாதி விசாரணைகூடச் செய்வதில்லை. ஆகையால் இம்மாதப் பாடமாகப் பட்டணத்துக் கடைவீதியை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சம்பவம். நம் அங்கத்தினர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கென்று பட்டணத்துக் கடை ஒன்றில் அசல் பட்டு என்று சொல்லி விற்ற மூன்று சேலைகளை வாங்கி வந்தார். தறியிலே பழகிய அவருடைய தமக்கைக்குத் துணியைத் தொட்டவுடன் ஐயம் பிறந்தது. முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தார். பட்டாயிருந்தால் மயிர் கருகிய வாடை வீசும். சாம்பல் விரலிடையே பொடியாக உதிரும். இந்த இழையோ உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டது. திருப்பிக் கேட்கலாமென்றால் கையில் ரசீது இல்லை. ரசீது போடாவிட்டால் வரி மிச்சம் என்று கடையில் சொன்னதை நம்பி, அவர் அதை வாங்காமலே வந்துவிட்டார். நூலோடு பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இது நேர்ந்ததென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு படிகள்

பட்டணத்துக் கடைகள் ஆயிரம் விதமாகத் தோன்றினாலும், அவற்றை நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டால் விளங்கிக்கொள்வது எளிது.

முதற்படி மொத்தச் சந்தை. ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியில் தலைமுறைகளாக நடந்துவந்த காய்கனி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. சுமார் 295 ஏக்கர் பரப்பில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுடன் அவ்வளாகம் அமைந்தது. வெளியூர் லாரிகள் இரவில் வந்து இறக்கும் சரக்கு, பொழுது விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் கைக்குப் போய்விடுகிறது. ஜவுளிக்கு ஜார்ஜ் டவுனிலுள்ள கோடவுன் தெரு இத்தகைய இடம். இங்கே விலை குறைவு. ஆனால் மூட்டையாகவும் கட்டாகவும் வாங்க வேண்டும். தரத்தை அறியும் பொறுப்பு வாங்குபவரையே சேர்ந்தது.

இரண்டாம் படி வீதிக் கடை. 1900-இல் திறக்கப்பட்டு, 1985 மே 30-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டைப் பெரியவர்கள் இன்னும் நினைவுகூர்வார்கள். பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பறவை வரை அங்கே கிடைத்தன. பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் நிறுவிக்கொண்ட பர்மா பஜாரும் இந்த வகையே. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவும், பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகளும் நமக்குப் பழக்கமானவை. இங்கே பேரம் நடக்கும். பேரத்தில் வெல்வதற்கு வாய்ச்சாமர்த்தியம் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வெல்வது சரக்கறிவுதான். பொருளின் அடக்கவிலையை ஏறக்குறைய அறிந்தவர், இரண்டே சொல்லில் பேரத்தை முடித்துவிடுவார்.

மூன்றாம் படி பெரிய ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும். 1920-களில் உருவாகத் தொடங்கிய தியாகராய நகரில் நல்லி நிறுவனம் 1928-இலேயே தோன்றிவிட்டது. பின்னர் பனகல் பூங்காவைச் சுற்றிலும் உஸ்மான் சாலையிலும் பல மாடிக் கடைகள் எழுந்தன. இங்கே பெரும்பாலும் ஒரே விலை. தேர்ந்தெடுக்க ஏராளமான சரக்கு உண்டு. பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி விளம்பரமும் உண்டு. எந்த விலையிலிருந்து தள்ளினார்கள் என்பதை விசாரிக்காதவருக்குத் தள்ளுபடியால் பயன் இல்லை.

நான்காம் படி சொகுசுக் கடை. வெள்ளையர் காலத்தில் மவுண்ட் ரோட்டிலிருந்த ஸ்பென்சர் கடையை இதற்கு முன்னோடி எனலாம். அதன் புகழ்பெற்ற கட்டடம் 1895-இல் எழுந்தது. நம் காலத்தில் வேளச்சேரியில் 2013-இல் பீனிக்ஸ் அங்காடியும், அதனை அடுத்து 2018-இல் பல்லேடியமும் திறக்கப்பட்டன. அயல்நாட்டுப் பெயர் பொறித்த கைப்பையும் கடிகாரமும் இத்தகைய இடங்களில் விலையாகின்றன. குளிர்ந்த காற்று, பளிங்குத் தரை, பணிவான உபசாரம் யாவும் உண்டு. அவற்றின் செலவு பொருளின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

விலையைப் பிரித்துப் படித்தல்

பாடத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு பருத்திச் சேலைக்கு நூலும் சாயமும் 600 ரூபாய், நெசவுக் கூலி 900 ரூபாய், சங்கத்தின் செலவும் லாபமும் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேலை 1,800 ரூபாய்க்குச் சங்கத்தை விட்டுப் போகிறது. அதே சேலை பெரிய ஜவுளிக் கடையில் 2,700 ரூபாய்க்கும், சொகுசுக் கடையில் 5,400 ரூபாய்க்கும் விற்கிறது. நெய்தவருக்குச் சேர்ந்தது எங்கும் 900 ரூபாய்தான். சங்கத்திலேயே வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் அது பாதி. ஜவுளிக் கடையில் மூன்றில் ஒரு பங்கு. சொகுசுக் கடையில் ஆறில் ஒரு பங்கு.

இதைக் கொண்டு கடைக்காரர் யாவரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று முடிவு செய்வது நியாயமாகாது. வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், மின்சாரம், விற்காமல் தங்கிவிட்ட சரக்கின் நஷ்டம் ஆகியவையும் மெய்யான செலவுகளே. பத்து இடம் அலையாமல் ஒரே கூரையின்கீழ் வாங்கும் வசதிக்கும் ஒரு மதிப்பு உண்டு. நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுவே: இந்த விலையில் சரக்குக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு? அவற்றுள் எவை நமக்கு வேண்டியவை? கடன் வாங்கிக் கல்யாணம் செய்யும் குடும்பம் பளிங்குத் தரைக்கும் சேர்த்து வட்டி கட்டுவது தகுமா?

கூட்டுறவு காட்டிய வழி

சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, எவருக்கும் ஒரே விலை ஆகிய மூன்றையும் எளியவர்களுக்கும் கிடைக்கச் செய்வதற்கே கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844 டிசம்பர் 21-இல் 28 தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே அன்று கடையிலிருந்தன. லாபத்தை அங்கத்தினர்கள் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தளித்தனர். நம் சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இந்தியாவின் ஆதிப் பண்டகசாலைகளுள் அது ஒன்று. நெய்தவர் சரக்கை நேரே வாங்குபவரிடம் சேர்க்க 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. விளைவித்தவரே விற்பதற்கான உழவர் சந்தை 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கியது. சரக்குக்கும் வாங்குபவருக்கும் இடையிலுள்ள படிகளைக் குறைப்பதே இவை அனைத்தின் நோக்கம். நாம் பட்டணத்துக்குப் போய் இவற்றை எட்டிப் பார்க்காமல் திரும்பினால், நம் வீட்டுக் கிணறு இருக்கத் தண்ணீரை விலைக்கு வாங்கியவர்கள் ஆவோம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. புறப்படுமுன் பட்டியலும் தொகையும் எழுதிக்கொள்க. பட்டியலில் இல்லாததைப் பார்த்தால் ஓர் இரவு கழித்து முடிவு செய்க.

2. எடைத் தராசு பூஜ்யத்தில் நிற்பதையும், அரசாங்க முத்திரை இருப்பதையும் பார்த்த பின்னரே சரக்கை ஏற்றச் சொல்லுக.

3. பொட்டலப் பொருளில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரியும் அடங்கியது. அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். அதற்குக் கீழே விற்கத் தடையில்லை.

4. பட்டுக்கு 2004-இல் வந்த பட்டு முத்திரையும், கைத்தறிக்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் உள்ளனவா என்று பார்க்க. நம் அண்டையிலுள்ள காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் சொல்லி விற்பவரிடம் எங்கே நெய்தது என்று கேட்க.

5. தங்க நகையில் தர முத்திரையும் தூய்மை எண்ணும், ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளமும் இருக்க வேண்டும். புதிய நகை விற்பனையில் இவ்வடையாளம் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

6. ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பட்டணத்துக் கடை மீதும் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் யோசனை பெறலாம்.

மேலே சொன்ன அங்கத்தினர் கையில் ஒரு துண்டு ரசீது இருந்திருந்தால், அவர் ஊரை விட்டு நகராமலே நியாயம் கேட்டிருக்கலாம். வரி மிச்சமென்று அவர் எண்ணிய சிறு தொகை, மூன்று சேலையின் விலையை விழுங்கிவிட்டது.

படிப்பு வட்டத்தில் ஆராய்க

1. நம் வீட்டில் கடைசியாகப் பட்டணத்தில் வாங்கிய பொருள் எது? அதன் விலையில் சரக்குக்கும் கடைக்கும் பெயருக்கும் எவ்வளவு இருக்கும்?

2. கல்யாணச் சேலைகளைப் பல குடும்பங்கள் சேர்ந்து சங்கத்தின் மூலம் நெசவுச் சங்கங்களிடம் நேரே வாங்க இயலுமா?

3. நாம் விளைவிப்பதும் நெய்வதும் எத்தனை கை மாறிப் பட்டணத்தை அடைகின்றன? அவற்றுள் எந்தக் கையின் வேலையை நம் சங்கமே ஏற்றுக்கொள்ளலாம்?

விடைகளை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.