வெள்ளி இலைச் செடிகளும் தொட்டித் தட்டும்

ஈக்காட்டுத்தாங்கலில் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆசை இருக்கும். பச்சைக்கு நடுவில் சாம்பல் பூசினது போல வெள்ளையாக ஒரு செடி நின்றால் எவ்வளவு அழகு! ஊட்டிக்குப் போனால் அப்படி ஒன்றைப் பார்த்து வாங்கி வருவீர்கள். இங்கே ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது அழுகிப் போகும்.

காரணம் இலையிலேயே இருக்கிறது. அந்த வெள்ளை, சாயம் அல்ல. நெருக்கமாக முளைத்த மெல்லிய ரோமம். அது வெயிலைத் திருப்பி அனுப்பி, இலையின் ஈரம் வீணாகாமல் காக்கிறது. வறண்ட காற்றுக்கு ஏற்ற உடுப்பு! சென்னையின் புழுக்கத்தில் அந்த ரோமத்தில் தங்கும் தண்ணீர் சீக்கிரம் உலராது.

அதனால் நம் ஊருக்குப் பழகினதையே வையுங்களேன். மாலையில் வைத்துக் கட்டும் மாசிபத்திரிக்கு இலையின் அடிப்பக்கம் வெள்ளை; வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பல வருஷம் இருக்கும். போகியன்று காப்புக் கட்டும் சிறுபீளையை யாரும் அழகுச் செடியாக நினைப்பதில்லை. ஆனால் பஞ்சு ஒட்டினது போன்ற அதன் பூங்கொத்து, தொட்டியில் ஜோராக இருக்கும். மரிக்கொழுந்தும் சாம்பல் பச்சைதான். ஆனால் அது ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் பனிக்காலம் முழுக்க வாசனை.

'தாங்கல்' என்றாலே தண்ணீர் தேங்கும் இடம். 2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்த பேட்டை இது. இங்கே தரையில் நடுவதைவிட மண்தொட்டியே மேல். அடி ஓட்டையில் ஒரு ஓட்டுச் சில்லு வைத்து, செம்மண்ணும் மணலும் சம அளவு, தொழு உரம் ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். உரம் கூடினால் செடி நெட்டையாக வளர்ந்து வெள்ளை மங்கும். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அதையும் காலையில், இலை நனையாமல். அடைமழையில் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி விடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். "மாசிபத்திரி வாசனைக்குக் கொசு வராதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. செடி சும்மா நிற்பதால் கொசு ஓடாது. மாறாக, தரை கறை படக்கூடாதென்று தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோமே, அதில் நிற்கும் தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிரசவ அறை! முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருநாள் தேங்காய் நாரால் ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இந்தச் செடிகளுக்குத் தட்டே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்; தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் வேருக்கும் நல்லது, குழந்தைகளுக்கும் நல்லது.

இன்னொன்று. வீட்டில் இருக்கிறதே என்று கஷாயம் போடாதீர்கள். சிறுபீளையைக் கல்லடைப்புக்குச் சித்த வைத்தியத்தில் கொடுப்பது உண்மை. ஆனால் இடுப்பு வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், சிறுநீர்ப் பாதை அடைத்து உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கஷாயத்தை நம்பி ஒரு ராத்திரிகூடத் தள்ளக் கூடாது. கர்ப்பிணிகள் மாசிபத்திரியை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். தும்மல், ஆஸ்துமா உள்ள வீட்டில் அது பூக்கும் முன்பே நுனியைக் கிள்ளிவிடுங்கள், மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விட்டுச் செடி புதராகும். கிள்ளிய கொழுந்தைப் பூச்சரத்தோடு சேர்த்துக் கட்டலாம். தொட்டி நிறைந்துவிட்டால் பக்கக்கன்றை வேரோடு பிரித்து, பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுங்கள். செங்கல் விஷயத்தையும் சொல்லிக் கொடுங்கள்.