பதினைந்து வயதில் ஒரு வீராங்கனை

1955 மார்ச் 2. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பள்ளி விட்டுப் பேருந்தில் வந்த கறுப்பினச் சிறுமி கிளாடெட் கால்வின், வெள்ளையர்க்காக இருக்கையை விட்டு எழ மறுத்தாள், கைதானாள். வயது 15. ஆம், நம் வயதுதான்!

அடிமை முறையை எதிர்த்த ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத் ஆகியோரைப் பற்றிப் பள்ளியில் படித்திருந்தாள். அவ்விருவரும் தன் தோள்களை அழுத்தி உட்கார வைத்ததுபோல் இருந்ததாம். ரோசா பார்க்ஸ் எழ மறுத்தது ஒன்பது மாதம் கழித்தே. 1956இல் கிளாடெட் உள்ளிட்ட நான்கு பெண்களின் வழக்கில், பேருந்தில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

சான்றோர் பெயர்களை நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம். அவளோ துணைக்கு அழைத்துக்கொண்டாள். வகுப்பில் ஒருத்தியைப் பிறர் ஒதுக்கும்போது, நாம் அவளருகே சென்று அமர்வோமா?