காற்றும் ஒரு மேடுதான்

மர்பி டவுன்,
பெங்களூரு

அன்புள்ள கார்த்திக்,

நந்தி மலையையே மிதித்து ஏறியவனுக்குத் தனுஷ்கோடி எம்மாத்திரம் என்று கேட்டாயாம். உன் அப்பா சொன்னான். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கடிதம் அதனால்தான்.

ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள் விடுவது உலகத்தில் பல ஊர்களில் உண்டு. சிங்கப்பூரில் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மலாயா ரயில் தஞ்சோங் பகார் வரை வருவது நின்றது. உட்லண்ட்ஸ் தொடங்கி தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் தடத்தை இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஆள்கிறார்கள். காரணம் எளிது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. மேட்டை வெட்டி, பள்ளத்தை மேடாக்கித்தான் தண்டவாளம் போடுவார்கள். அந்த உழைப்பின் பலன் நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

தனுஷ்கோடி சரியாக அந்த வகை இல்லை, கிட்டத்தட்ட அதுதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் ரயில் தனுஷ்கோடியில் போய் நிற்கும். பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊர் அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அங்கே ரயில் ஓடவில்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-இல் திறக்கப்பட்டது. இரு பக்கமும் கடல், நடுவில் கோடு கிழித்த மாதிரி ரோடு. மேடு என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

அங்கேதான் ஏமாறுவோம்.

மலை வாங்கிய கடனை இறக்கத்தில் திருப்பித் தந்துவிடும். காற்று தராது. மணிக்கு 20 கிலோமீட்டரில் நீ போக, எதிரே 20 கிலோமீட்டர் காற்று வந்தால், உன் உடம்பு 40 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்கவேண்டும். தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அல்சூர் ஏரியை எத்தனை சுற்று சுற்றினாலும் இது பிடிபடாது. ஆடி மாதத்தில் ஒருமுறை உன் பெரியப்பா முனை வரை பறந்தார், பின்காற்றைத் தன் கால்பலம் என்று நினைத்து. திரும்பும்போது மார்பில் அறைந்தது காற்று. ஒரு குடம் தண்ணீர் குடிக்கும் தாகம், பையில் இருந்ததோ அரை பாட்டில். கடைசி மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சங்கு விற்கிற ஒரு அம்மா கொடுத்த தண்ணீரில்தான் உயிர் வந்தது.

ஆகவே, விடியும்போதே கிளம்பு. நிழலே கிடையாது, இரண்டு லிட்டராவது கொண்டுபோ. போகும் வழி லேசாக இருந்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. பாதித் தெம்பு கரைவதற்கு முன்பே திரும்பிவிடு. முனையைத் தொடாமல் வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ரோட்டில் மணல் படிந்த இடத்தில் பிரேக்கை அழுத்தாதே, வழுக்கும். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடு. உப்புக்காற்று ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைத்துவிடும்.

இடிந்த தேவாலயத்தின் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி இறங்கு. சுவர்மேல் ஏறி போட்டோ எடுக்காதே. அங்கே ஓலைக்குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. வாங்குவதை அவர்களிடம் வாங்கு.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வா. சின்ன கைப்பம்பு ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியப்பா