எழுபது வளைவுகளும் ஒரு சைக்கிளும்

நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போனவர்கள் எழுபது என்ற எண்ணை எளிதில் மறக்கமாட்டார்கள். சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த எண்களை எண்ணிக்கொண்டே வருகிறவர்கள் பலர்.

கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்கள் மூவருடன் நான் இந்தப் பாதையில் சைக்கிளில் ஏறினேன். ஏறினேன் என்பது சற்று மிகைதான். பாதிக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்து, முழங்கையில் ஐந்து தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அப்போது நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். சாய்தளக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவன். அந்தக் கணக்கை அடிவாரத்தில் ஒரு முறை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது நாம் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு எளிதாக இருக்க, பாதையின் நீளம் 20 கிலோமீட்டர், ஏறும் உயரம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 மீட்டர் போனால் நாலரை மீட்டர் ஏற்றம். ஓட்டுபவர் 60 கிலோகிராம், சைக்கிள் 20 கிலோகிராம், மொத்தம் 80. இதன் எடை ஏறத்தாழ 784 நியூட்டன். இந்த எடையில் நூற்றுக்கு நாலரைப் பங்கு, அதாவது 35 நியூட்டன், நம்மைச் சரிவு வழியே பின்னுக்கு இழுக்கிறது. டயர் தார்ச்சாலையில் உருளும்போது நசுங்கி நசுங்கி எழுவதால் வரும் உருளல் உராய்வு இன்னும் 5 நியூட்டன். ஆக, 40 நியூட்டன். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றின் தடை மிகச் சிறிது, அதை விட்டுவிடலாம்.

வேலை என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது அல்லவா? 40 நியூட்டனை 20,000 மீட்டரால் பெருக்கினால் 8 லட்சம் ஜூல். நம் தசைகள் உணவாற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பமாகப் போய்விடும். ஏறும்போது வியர்வை ஆறாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். எனவே உடலுக்கு வேண்டியது 32 லட்சம் ஜூல், சுமார் 765 கிலோ கலோரி. கொல்லிமலையில் விளையும் சாமையின் அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 340 கிலோ கலோரி இருக்கிறது. கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சாமை அரிசி ஒரு மனிதனையும் ஒரு சைக்கிளையும் மலை உச்சிக்குக் கொண்டுபோய்விடும்!

அப்படியானால் நான் ஏன் தள்ளிக்கொண்டு நடந்தேன்? காலையில் நன்றாகத்தான் சாப்பிட்டிருந்தேன். குறை வேறிடத்தில் இருந்தது. நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிளில் முன்பல்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னதற்கு 18 பற்கள் என்று கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் முன்னேறும். அதே நேரத்தில் உங்கள் பாதம் நகரும் வட்டத்தின் சுற்றளவோ ஒரு மீட்டர்தான். தொலைவில் ஐந்தரை மடங்கு ஆதாயம் என்றால் விசையில் ஐந்தரை மடங்கு நட்டம். சக்கரத்தில் 40 நியூட்டன் வேண்டுமானால் பெடலில் சராசரியாக 210 நியூட்டனுக்கு மேல் கொடுக்கவேண்டும். இது 21 கிலோகிராமுக்கும் அதிகமான எடைக்குச் சமம். இது சராசரி மட்டுமே. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலால் அவ்வளவாகத் தள்ள முடியாது என்பதால், நடுவில் இன்னும் ஓங்கி மிதிக்கவேண்டும். நிமிடத்துக்கு 27 மிதிச் சுற்றுகள் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படி மிதித்தால் முழங்கால் என்ன ஆகும்?

கியர் சைக்கிளில் முன்னே 30 பல், பின்னே 34 பல் என்று மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான் முன்னேற்றம். பெடலில் வேண்டிய விசை 80 நியூட்டனுக்குள் இறங்கிவிடும்; நிமிடத்துக்கு 76 சுற்று மிதிக்கவேண்டும், அவ்வளவே. மொத்த வேலையில் ஒரு ஜூல்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கியர் ஆற்றலைத் தருவதில்லை. ஒரே மூச்சில் கேட்கும் விசையைச் சில்லறையாக மாற்றித் தருகிறது.

மலைப்பாதையைப் போட்ட பொறியியலாளரும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார். நேராக மேலே போகும் பாதை குறுகியது. ஆனால் எந்த லாரியும் அதில் ஏறாது. அதை மடித்து மடித்து நீட்டினால் சரிவு குறைகிறது. எழுபது வளைவுகளும் அந்த மடிப்புகளே.

வளைவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் சாலையின் இடப்பக்கமாகப் போகிறவர்கள். ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டத்தில் இருப்போம். உள்வட்டத்தின் ஆரம் 4 மீட்டர், வெளிவட்டத்தின் ஆரம் 10 மீட்டர், வளைவு முழுவதற்கும் ஏற்றம் 1 மீட்டர் என்று வையுங்கள். அரைவட்டத்தின் நீளம் உள்ளே 12.6 மீட்டர், வெளியே 31.4 மீட்டர். ஏறும் உயரமோ இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே சரிவு உள்ளே நூற்றுக்கு 8, வெளியே 3 தான். இடது வளைவு மூச்சு முட்டவைக்கும், வலது வளைவு இளைப்பாற விடும். நான் அன்று இதற்குக் காரணம் தெரியாமல், என் இடது கால் பலவீனம் என்று முடிவு கட்டியிருந்தேன்! (இடது வளைவில் வெளிவட்டத்துக்குப் போகலாமே என்று எண்ணாதீர்கள். எதிரே பஸ் வரும்.)

மேலே போய்விட்டால் வேறு உலகம். மேட்டு நிலத்தில் செம்மேட்டைச் சுற்றிச் சிற்றூர்கள். சாமையும் கேழ்வரகும் விளையும் படிக்கட்டு வயல்கள். மர நிழலில் காப்பி, மரத்தைத் தழுவி ஏறும் மிளகு, அன்னாசி, பலா. ஊருக்கும் வயலுக்குமிடையே மண்ணும் சரளையுமான தடங்களில் கார் கிடையாது, ஹாரன் ஒலி கிடையாது. இத்தாலியில் டஸ்கனிப் பகுதியின் திராட்சைத் தோட்டக் குன்றுகளிடையேயும் இப்படிச் சரளைச் சாலைகள் உண்டு. அவற்றை ‘வெள்ளைச் சாலைகள்’ என்கிறார்கள். அவை தாருக்கு அடியில் மறைந்துவிடாமல் காக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு, 1997 முதல் அங்கே ‘லெரோயிகா’ என்ற பெயரில் பழைய சைக்கிள்களின் ஓட்டம் நடத்துகிறார்கள்.

சரளை அழகுதான், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. தார்ச்சாலையில் 5 நியூட்டனாக இருந்த உருளல் உராய்வு இளகிய சரளையில் 15 நியூட்டனைத் தாண்டலாம். சமதரையில் போனாலும், மீட்டர் கணக்கில் சொன்னால், நூற்றுக்கு ஒன்றே கால் ஏறிக்கொண்டே இருப்பது போன்றது இது. இங்கே டயரில் காற்றைக் கல்போல அடைப்பது தவறு. விறைத்த டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் ஏறும்போது உங்களையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கிப்போடும். தூக்கிய ஆற்றல் முன்னேற்றத்துக்குத் திரும்பி வராது, உங்கள் இடுப்பு எலும்புக்குத்தான் போகும். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயரே கல்லைச் சுற்றி வளைந்து விழுங்கிவிடும். 1888இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றுக்குழாய் கட்டியதும் கரடுமுரடான தரையில் அது குலுங்காமல் ஓடத்தான்.

இனி இறக்கம். உச்சியில் நிற்கும் 80 கிலோகிராமிடம் 7 லட்சம் ஜூல் நிலையாற்றல் இருக்கிறது. அடிவாரம் சேர்வதற்குள் இதை எங்காவது செலவழித்தாகவேண்டும். உருளல் உராய்வு ஒரு லட்சத்தைத் தின்னும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் காற்றுத்தடை இரண்டு லட்சத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 4 லட்சம் ஜூல் பிரேக் கட்டைகளுக்கு! ஒன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். ஒரு மணி நேரப் பயணத்தில் இது வினாடிக்கு 110 ஜூலுக்கு மேல். இரண்டு ரிம்களிலும் ஆளுக்கொரு 60 வாட் பல்பு எரிவதுபோல. செங்குத்தான இடங்களில் இது இரு மடங்கு ஆகும். ரிம் சூடானால் டியூபினுள் காற்றும் சூடாகும். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால், தனி வெப்பநிலை 303இலிருந்து 353 ஆகிறது. அழுத்தமும் ஆறில் ஒரு பங்கு கூடும். பழைய டியூபுக்கு இது நல்லதல்ல.

எங்கள் பயணத்தில் நடந்தது இதைவிட மோசம். பாதி வழியில் தூறல் பிடித்தது. நனைந்த எஃகு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வேண்டிய தொலைவு பல மடங்காகும். மழைநீர் ஒரு வளைவில் சரளையைக் கொண்டுவந்து பரப்பியிருந்தது. வளைவில் திரும்ப மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது தரையின் உராய்வு ஒன்றே. எனவே வேகத்தின் உச்சவரம்பு, உராய்வுக் குணகம், ஈர்ப்பு முடுக்கம், ஆரம் மூன்றையும் பெருக்கி வருவதன் வர்க்கமூலம். ஆரம் 8 மீட்டர் என்றால், உலர்ந்த தாரில் குணகம் 0.7 ஆகையால் மணிக்கு 27 கிலோமீட்டர் வரை தாங்கும். இளகிய சரளையில் குணகம் 0.3, வரம்பு மணிக்கு 17 தான். நான் சுமார் இருபதில் வந்தேன். போதாததற்கு, சரளையைக் கண்டதும் வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினேன். இருக்கும் உராய்வு ஒன்றே. திரும்பவும் அது வேண்டும், நிற்கவும் அதுவே வேண்டும். ஏற்கெனவே திரும்பப் போதாமலிருந்ததில் பிரேக்குக்கும் பங்கு கேட்டால்? முன்சக்கரம் வழுக்கியது. வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே, குறைத்திருக்கவேண்டும். மீதி வழியை நான்கு பேரும் நடந்தே இறங்கினோம்.

உங்கள் பள்ளி மைதானத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காற்று வீசாத நேரத்தில், 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். அந்த இடைவெளியைச் சரியாக 2 வினாடியில் கடக்கும்படி சீராக ஓட்டிவந்து, இரண்டாவது கோட்டில் மிதிப்பதை நிறுத்துங்கள். பிரேக் போடாமல் வண்டி எவ்வளவு தொலைவு உருண்டு நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு 3 மீட்டர். அதன் வர்க்கமாகிய 9ஐ, அளந்த தொலைவின் 19.6 மடங்கால் வகுத்தால் உருளல் உராய்வுக் குணகம் கிடைக்கும். சிமெண்ட் தரையில் 75 மீட்டர் போனால் விடை 0.006, மணலான இடத்தில் 23 மீட்டரில் நின்றால் 0.02. டயரில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு தரைகளிலும் மீண்டும் மீண்டும் அளந்து வரைபடம் போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள்.